கதிரைக்காரரின் வாட்ச்

அத்தியாயம் 17

அலெக்ஸாண்டரின் செத்தவீடு முடிந்து அடுத்த மாதம், கொம்பனியின் வாட்ச் வந்த அன்றுதான் கஜனி தன் கணவனைச் சாமிப்படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். அதை வாசித்து மறந்தவர்களுக்கும், இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கும் ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ராகுலனும் அலெக்ஸாண்டரும் ஒரே கொம்பனி, ஒரே பிரிவு. இரண்டு பேரும் வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்கிறவர்கள். ஒரு வியாழக்கிழமை, மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே, மில்லிக்கன் என்ற புறநகரில் தன் வீட்டு அறையில், கதிரையில் உட்கார்ந்தபடியே அலெக்ஸாண்டரின் உயிர் போய்விட்டது. வயது நாற்பத்தாறு. கமெராவை மூடி வைத்திருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. "அலெக்ஸ், உங்கள் மைக் மூடியிருக்கிறது" என்று மானேஜர் இரண்டு தரம் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக் கோப்பையோடு கதவைத் திறந்த மனைவி செலீன்தான் முதலில் கண்டாள்.

கொம்பனிக்கும் மனச்சாட்சி உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த மாதமே ஆளுக்கு இரண்டு வாட்ச் பார்சலில் வந்தது. ஒன்று வேலை செய்கிறவருக்கு, மற்றது வீட்டில் ஒருவருக்கு. இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. கையில் கட்டினால் நேரத்தையும் நடந்த அடிகளையும் காட்டும். நெஞ்சுத்துடிப்பைக் கவனித்து அவரவர் ஃபோனுக்கு அனுப்பும். எந்தப் பிரிவு கூட நடக்கிறது என்று கொம்பனிக்குள் போட்டியும் வைத்தார்கள்.

கஜனிக்குப் போட்டியில் அக்கறை இல்லை; தன் கணக்கை ஃபோனில் திறந்து பார்த்ததும் இல்லை. அவளுக்கு வேண்டியது புருஷன்.

"ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள். ஒரு நாளைக்கு எண்ணாயிரம் அடி நடப்பன் எண்டு என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

ராகுலன் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். நான்காம் நாள் வரைக்கும் முக்கி முனகினான். ஐந்தாம் நாளிலிருந்து அவன் கணக்கில் எண்ணாயிரம், எண்ணாயிரத்து ஐந்நூறு, ஒருநாள் ஒன்பதாயிரம்கூட விழுந்தது. கஜனிக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்கடை கதிரைக்காரர் இப்ப மத்தியானத்திலை வெளியிலை நடக்கிறார், தெரியுமோ?" என்று ஒன்றுவிட்ட அக்காமார் எல்லோருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லி முடித்திருந்தாள்.

கதிரைக்காரர் என்ற பட்டம் சும்மா வந்ததல்ல. தேத்தண்ணி வேண்டுமென்றால் கீழே பேஸ்மென்ற் அறையிலிருந்து மேலே குசினிக்கு ஃபோன் எடுக்கிற மனிதர் அவர்.

இன்று செவ்வாய்க்கிழமை. நாற்பத்தோராவது நாள்.

காலை ஆறே முக்கால் மணி. கஜனி சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். ஸ்ரௌவ்வில் ஸ்டேஷனில் ஏழு பத்து ரெயினைப் பிடித்தால்தான் நகர நடுவில், டவுன்ரவுனில் இருக்கும் அவளுடைய காப்புறுதி அலுவலகத்துக்கு நேரத்துக்குப் போகலாம். கேத்திலுக்குப் பக்கத்தில் ராகுலன் மறந்து வைத்துவிட்டுப் போன ஃபோன் 'டிங்' என்றது.

அடுத்தவர் ஃபோனைப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எட்டிப் பார்த்தாள்.

'ராகுலன், உங்கள் நெஞ்சுத்துடிப்பு ஒழுங்கற்று இருப்பதற்கான அறிகுறி தெரிகிறது. தாமதிக்காமல் வைத்தியரைப் பாருங்கள்.'

சவப்பெட்டிக்குள் கிடந்த அலெக்ஸாண்டரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சாப்பாட்டுப் பெட்டி கைதவறி விழுந்து சோறு நிலமெல்லாம் சிதறியது. அதை மிதித்துக்கொண்டே பேஸ்மென்ற் படிகளில் இறங்கி ஓடினாள்.

ராகுலன் மூன்று திரைகளுக்கு நடுவில், காதில் ஹெட்செட்டோடு இருந்தான். பெங்களூர் ஆட்களோடு ஆறு மணிக்கே மீட்டிங்.

"எழும்புங்கோ!"

"ஏன்? மீட்டிங் நடக்குது..."

"ஐயோ, எழும்பாதேங்கோ! இருங்கோ! அசையாதேங்கோ!"

நாற்பத்தொரு நாளில் முதல்முறையாக மனைவி தன்னை இருக்கச் சொல்கிறாளே என்று ராகுலன் திகைத்துப் போனான். அவள் ஃபோனை நீட்டினாள். வாசித்தான். முகத்திலிருந்த ரத்தம் முழுவதும் வடிந்துவிட்டது. நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தான். பிடிக்கக் கை தேடுகிறார் என்று நினைத்து அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கஜனி, உமக்கு ஏதும் செய்யுதோ?"

"எனக்கென்ன? நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறன். உங்களைப் பற்றித்தான் கதை."

"உது வோச்சின்ரை பிழையாயும் இருக்கலாம்."

"அலெக்ஸுக்கு வோச்சே இருக்கேல்லை. வெளிக்கிடுங்கோ!"

காருக்குப் பக்கத்தில் போனதும் அவன் கார்த் திறப்புக்குக் கை நீட்டினான். "நான் ஓடுறன். நீர் பக்கத்திலை இரும்."

"விசரே உங்களுக்கு? நெஞ்சு வருத்தக்காரன் கார் ஓடுறதோ?"

தெரு முழுக்க ஒரே மாதிரியான புது வீடுகள். ஒரு கடைக்குப் போவதென்றாலும் கார் எடுக்க வேண்டிய இடம் அது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கஜனி திரும்பி அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தாள்.

"கஜனி, ஒண்டு சொல்லவேணும்."

"ஒண்டும் சொல்லவேண்டாம். மூச்சை இழுத்து விடுங்கோ."

"இல்லை, இது முக்கியம்..."

"வீட்டுக் கடன், பாஸ்வேட் எல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு இடமும் போகப்போறதில்லை. கதைக்காதேங்கோ!"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுததைப் பார்த்து ராகுலன் வாயை மூடிக்கொண்டான். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

மகள் சாம்பவிக்கு இருபது வயது. யோர்க் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் படிக்கிறாள். காரிலிருந்தே அவளுக்கு அழைப்புப் போனது.

"அப்பாவுக்கா? ஓ மை கோட். அம்மா, நான் இப்பவே வாறன்."

"உனக்கு இண்டைக்குச் சோதினை எல்லே, பிள்ளை?"

"ஹூ கெயார்ஸ்? மூண்டு பஸ் மாறவேணும், பரவாயில்லை. வாறன்."

ஆஸ்பத்திரியின் எமெர்ஜென்சி வாசலில் அவனை இறக்கிவிட்டுக் கஜனி காரை நிறுத்தப் போனாள். இடம் கிடைத்தது கடைசி வரிசையில். அங்கிருந்து ஓடி வந்தவள் பாதி வழியில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு ஒருதரம் படபடத்தது, ஒருதரம் எதையோ விட்டுவிட்டு அடித்தது. புருஷனை இழக்கப் போகிறேனோ என்று பயந்தவளுக்கு நெஞ்சு படபடக்காமல் வேறென்ன செய்யும்? மூச்சு வரும் வரைக்கும் நின்றுவிட்டு மறுபடியும் ஓடினாள்.

பிறகு மூன்றரை மணித்தியாலம். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். இரண்டு தரம் ரத்தம் எடுத்தார்கள். பார்க்க வந்த ஒவ்வொரு தாதியிடமும் கஜனி அந்தக் கதிரையைப் பற்றி முறைப்பாடு செய்தாள். அதன் விலை, அதன் சில்லுகள், அதில் சாய்ந்தால் கால் தூக்கும் வசதி எல்லாவற்றையும் சொன்னாள். ராகுலன் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தான். கண் ஓரத்தால் தண்ணீர் ஓடியது. சாகப் பயப்படுகிறார், பாவம் என்று அவள் துடைத்துவிட்டாள்.

பதினொரு மணிபோல மரியோ என்ற இளம் டொக்டர் வந்தார். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. நமது வசதிக்குத் தமிழில் தருகிறேன்.

"நல்ல செய்தி. உங்கள் இதயத் துடிப்பு சீராக இருக்கிறது. ரத்தத்திலும் மாரடைப்புக்கான தடயம் இல்லை."

கஜனி கையெடுத்துக் கும்பிட்டாள். டொக்டரையா கடவுளையா என்று அவளுக்கே தெரியாது.

"ஆனால் ரத்த அழுத்தம் கூட. சீனியும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. குடும்ப வைத்தியரிடம் கட்டாயம் போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் உட்கார்ந்திருப்பீர்கள்?"

"பதின்மூன்று!" ராகுலன் வாய் திறக்க முன்னரே கஜனி சொல்லிவிட்டாள்.

டொக்டர் சிரித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "நீங்கள்?"

"நானோ? நான் நடக்கிற ஆள். ஒரு நாளைக்கு எண்ணாயிரம் அடி."

"நல்லது. அது ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரம்?"

கஜனி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். ரெயின் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். மேசையில் ஏழரை. பின்னேரம் சோபாவில் நாடகம். ஸ்டேஷனுக்குக் கார். பதினொன்றுக்கு மேலே வந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதைத்தான். அவள் கூட்டுத்தொகையை வெளியே சொல்லவில்லை.

"நடக்கிறவர்களும் நாள் முழுக்க இருந்துவிட்டால் உடம்பு கணக்குக் கேட்கும். இடைக்கிடை எழும்புங்கள், இரண்டு பேரும்" என்றவர் ராகுலனின் ஃபோனை எடுத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "வாட்ச் இதை நேற்றிரவு நித்திரையில் பதிந்திருக்கிறது. அப்போது இது உங்கள் கையில்தானே இருந்தது?"

ராகுலன் மனைவியைப் பார்த்தான். சிரித்த முகத்தோடு நின்ற அவளைப் பார்த்துக்கொண்டே, "ஓம்" என்று தலையாட்டினான்.

வெளியே வந்ததும் கஜனி மகளுக்கு எடுத்தாள். "அப்பாவுக்கு ஒண்டுமில்லை, பிள்ளை." நடுவில் பஸ் தவறி இப்போதுதான் மூன்றாவது பஸ்ஸில் ஏறியதாகவும், எப்படியும் வந்து பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றும் சாம்பவி சொன்னாள். சரி, காரில் இருந்து காத்திருப்போம் என்று இருவரும் கடைசி வரிசைக்கு நடந்தார்கள். கஜனி அலுவலகத்துக்குச் சொல்லவேண்டிய சாட்டு, மத்தியானம் சாப்பிடவேண்டிய கடை என்று ஓயாமல் கதைத்துக்கொண்டே போனாள். நடுவில் கதை நின்றது. நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கினாள்.

"பயந்ததிலை எனக்கும் ஒருமாதிரிக் கிடக்கு" என்று சிரித்தபடி கார்க்கதவைத் திறந்து ஏறினாள்.

"கஜனி, காரை எடுக்காதையும்."

"ஏன்?"

"உம்மடை கையிலை கிடக்கிறது என்ரை வோச்."

அவளுக்கு விளங்கவில்லை. தன் கையைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"நாலாம் நாள் மானேஜர் எல்லாற்றை பேரையும் அடியையும் லிஸ்ராப் போட்டவர். நான்தான் கடைசி. முப்பது பேருக்கு முன்னாலை. அண்டைக்கு இரவு சார்ஜிலை கிடந்த ரெண்டையும் இடம் மாத்தி வைச்சனான். நீர் எப்பிடியும் நடக்கிறனீர்தானே. அது என்ரை பேரிலை விழட்டும் எண்டு..."

"என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டு?"

"ஓம்."

"அப்ப அந்த எண்ணாயிரமும் என்ரையோ? ஒன்பதாயிரம் எண்டு நான் மீசாலை அக்காவுக்கு எடுத்துச் சொன்னதும் என்ரையோ? முப்பத்தேழு நாளாய் என்னை விசரியாக்கிக்கொண்டு..."

கோபம் அந்த இடத்தில் அப்படியே நின்றது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

"அப்ப அந்த நெஞ்சு?" என்று கேட்டாள்.

ராகுலனின் தோள்கள் குலுங்கின.

கஜனி கையிலிருந்த வாட்சைப் பார்த்தாள். பதினொன்று இருபத்தாறு. மூவாயிரத்துப் பதினான்கு அடி. அதில் வேறொன்றும் இல்லை. டவுன்ரவுனில் இறங்கும் யூனியன் ஸ்டேஷன் படிகளில் ஒரு மாதமாகப் பாதியில் நின்று நின்று ஏறியது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. நாற்பத்தைந்து வயதில் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறதுதான் என்று தனக்குத்தானே வைத்தியம் பார்த்திருந்தாள். நித்திரையில் நெஞ்சு படபடத்து எழும்பியதை அலெக்ஸாண்டரின் சாவு செய்த வேலை என்று நினைத்திருந்தாள். இத்தனை நாளும் பக்கத்தில் படுத்திருந்தவனின் மூச்சைத்தான் எண்ணினாளே தவிர, தன் நெஞ்சைப் பற்றி ஒருநாளும் யோசிக்கவில்லை. காலையிலிருந்து யாருக்காக ஓடினோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"இறங்கும். உள்ளுக்குப் போவம். நான் சில்லுக் கதிரை கொண்டுவாறன்."

"என்னைத் தொடாதேங்கோ."

அவள் தானே நடந்தாள். அவன் ஒரு முழம் பின்னால் வந்தான்.

காலையில் ராகுலனைப் பதிந்த அதே தாதிதான் வாசல் மேசையில் இருந்தாள். "மறுபடியும் அவருக்கா?" என்று கேட்டாள். கஜனி இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினாள். விரலில் கிளிப்பைப் பூட்டினார்கள். திரையில் நூற்று இருபது என்று வந்தது. பிறகு நூற்று ஐம்பத்தெட்டு. பிறகு நூற்றுப் பன்னிரண்டு. உடனே நூற்று அறுபத்து நான்கு.

தாதி கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"தயவுசெய்து எழும்பவேண்டாம். இனி ஓரடியும் நடக்கவேண்டாம்" என்று சொல்லி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். சக்கர நாற்காலி வந்தது. கஜனியை அதில் ஏற்றினார்கள். காலையில் நடந்ததையும் வாட்ச் மாறியதையும் ராகுலன் தட்டுத்தடுமாறிச் சொன்னான். தாதி அவனுடைய ஃபோனை வாங்கி, வாட்ச் பதிந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இது முதலாவது அறிவித்தல் இல்லையே. பதினெட்டு நாளுக்கு முன்னர் ஒன்று வந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை இன்னொன்று. இரண்டும் திறந்து பார்க்கப்பட்டிருக்கின்றன."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். டொக்டருக்குக் குறிப்பு எழுதுவதற்காகச் சொன்னாள்.

கஜனி நாற்காலியில் இருந்தபடியே திரும்பினாள். போன வெள்ளிக்கிழமை ராகுலன் தானாக எழும்பி வந்து அவளை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டிருந்தான். "படியிலை ஏறாதையும், எலிவேற்றரிலை போம்" என்று சொல்லிக் கன்னத்தைத் தடவியிருந்தான். இருபத்திரண்டு வருடத்தில் இல்லாத அன்பு என்று நாள் முழுக்கச் சந்தோஷமாய்த் திரிந்திருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும், என்ன?"

"முதல் தரம் மெஷின் பிழை எண்டுதான் நினைச்சனான், கஜனி. நடக்கிற ஆள், உமக்கென்ன வரப்போகுது எண்டு..."

"வெள்ளிக்கிழமை?"

"சொல்லப் பயந்திட்டன். சத்தியம் பண்ணினது உம்மடை தலையிலை. மீறினது நான். நான்தான் உமக்கு இதைக் கொண்டுவந்தன் எண்டு நினைச்சன். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு..."

"இண்டைக்கும் டொக்டருக்கு ஓம் எண்டனீங்கள்."

சத்தியத்தை மீறியதை அவளால் மன்னிக்க முடியும். வாட்ச் மாற்றியதைக்கூட ஒருநாள் சொல்லிச் சிரித்திருப்பாள். இன்று காலையிலிருந்து அவன் கட்டிலில் கிடந்து சோதனை செய்துகொள்ள, தான் கார் ஓட்டியதும், கடைசி வரிசையிலிருந்து ஓடி வந்ததும், அவன் கண்ணீரைத் துடைத்ததும் அவளால் விழுங்க முடியாமல் இருந்தது. இவனோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் எப்படி இருந்தேன் என்ற கேள்வி முதல்முறையாக அவளுக்குள் வந்தது.

"உடனே உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒருவர் மட்டும் கூட வரலாம்" என்றாள் தாதி.

ராகுலன் ஏற்கெனவே நாற்காலியின் கைபிடியைப் பற்றிக்கொண்டு நின்றான்.

"விடுங்கோ" என்றாள் கஜனி.

அப்போது வாசல் கதவு திறந்தது. தோளில் புத்தகப் பையோடு சாம்பவி ஓடி வந்தாள். சுவரோரம் நின்ற தகப்பனைக் கண்டதும் நேராக அவனிடம் போய் அவன் நெஞ்சில் கை வைத்தாள்.

"அப்பா! ஆர் யூ ஓகே? ஏன் நிக்கிறியள்? என்னெண்டு சொன்னவை?"

ராகுலனின் பார்வை போன திசையில் சாம்பவி திரும்பினாள். சக்கர நாற்காலியில் இருந்த தாயை அப்போதுதான் கண்டாள்.

"அப்பாவுக்கு ஒண்டுமில்லை, பிள்ளை" என்றாள் கஜனி. "நீ என்னோடை உள்ளுக்கு வா."